பார்த்திருந்தவர்களுக்கும் பங்கு உண்டா?

மாட்டுங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பாரதியாரின் பாஞ்சாலி சபதம் பற்றிய சொற்பொழிவு முடிந்து, காபி வருவதற்கு முன்னால் பத்து நிமிடம் கேள்வி நேரம். வழக்கமாகக் கேள்வி கேட்கும் பெரியவர்கள் இரண்டு பேர் கேட்டு முடித்த பிறகு, பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். செம்பூரிலிருந்து வருபவள், தனியார் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை.

"ஐயா, துச்சாதனன் செய்தது பாவம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பீஷ்மர், துரோணர் இவர்களுக்கு அந்தப் பாவத்தில் பங்கு எவ்வளவு? எங்கள் ஆபீசிலும் ஒரு துச்சாதனன் இருக்கிறான். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். அவனைச் சுற்றி உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பன்னிரண்டு பேரைத்தான் எனக்குப் புரியவில்லை" என்றாள்.

மண்டபம் ஒரு நிமிடம் அமைதியாயிற்று. சொற்பொழிவாளர், "அது தர்மசங்கடமான கேள்வி அம்மா" என்றார். அதற்குள் காபி வந்துவிட்டது. எல்லோரும் எழுந்துவிட்டோம். அன்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுத முயல்கிறேன். வாசக அன்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டும்.

பரேலில் நடந்தது

இந்தக் கேள்விக்கு உதாரணம் தேடி நாம் அஸ்தினாபுரம் வரை போக வேண்டியதில்லை. மாட்டுங்காவுக்கு வெகு அருகில், பரேலில் இருக்கிறது கே.இ.எம். மருத்துவமனை. நம்மில் பலர் வீட்டுக் குழந்தைகள் பிறந்த இடம், நம் பெரியவர்கள் சிகிச்சை பெற்ற இடம்.

1973 நவம்பர் 27 அன்று மாலை, அங்கே நர்ஸாகப் பணியாற்றிய அருணா ஷான்பாக் என்ற இளம்பெண், வேலை முடிந்து உடை மாற்றச் சென்ற இடத்தில் தாக்கப்பட்டார். தாக்கியவன் அதே மருத்துவமனையின் துப்புரவுத் தொழிலாளி சோஹன்லால். வேலை சரியில்லை என்று அருணா அவனைக் கண்டித்திருந்தார். நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கியதில் மூளைக்கு ரத்தம் போவது தடைபட்டு, அவர் நினைவிழந்தார். மறுநாள் காலையில்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். அன்று போன நினைவு அதன் பிறகு முழுமையாகத் திரும்பவேயில்லை.

அவர் மீது நடந்தது பாலியல் வன்முறையும்கூட. ஆனால் போலீசில் கொடுத்த புகாரில் அது இடம்பெறவில்லை. அவருக்கு அதே மருத்துவமனை டாக்டர் ஒருவருடன் திருமணம் பேசி முடிந்திருந்தது. பெண்ணின் பெயர் கெட்டுவிடும், கல்யாணம் தடைப்படும், மருத்துவமனையின் பெயரும் கெடும் என்று பொறுப்பில் இருந்தவர்கள் எண்ணினார்கள் என்று பின்னாளில் எழுதியவர்கள் சொல்கிறார்கள். விளைவு என்ன? குற்றவாளி கொலை முயற்சி, கொள்ளை ஆகிய இரண்டுக்கு மட்டுமே தண்டிக்கப்பட்டான். ஏழு ஆண்டுச் சிறைக்குப் பின் வெளியே வந்துவிட்டான். அருணா 2015 மே 18 வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அதே மருத்துவமனையின் ஒரு சிறிய அறையில் படுக்கையில் கிடந்து மறைந்தார்.

அப்படி எண்ணியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லது செய்வதாகவே நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த நல்லெண்ணத்தால் பயன் அடைந்தது யார் என்று கணக்குப் பார்த்தால், சோஹன்லால் ஒருவன்தான் தெரிகிறான்.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. அந்த 42 ஆண்டுகளும் அருணாவைக் குளிப்பாட்டி, உணவு ஊட்டி, படுக்கைப்புண் வராமல் காத்தவர்கள் கே.இ.எம். நர்ஸுகள். அவரை நேரில் அறிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போன பிறகு, அவர் முகத்தைப் படுக்கையில் மட்டுமே பார்த்த புதியவர்கள் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள். அவரைக் கருணைக் கொலை செய்ய அனுமதிக்க வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கோரிக்கையை மறுத்த நீதிமன்றம், அருணாவுக்காக முடிவெடுக்கும் உரிமை அவருடன் பணியாற்றிய மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்று கூறியது. கூட வேலை செய்பவர்கள்தான் அவருக்கு உற்ற நண்பர்கள் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

இதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு பெண் ஒரு நாளில் விழித்திருக்கும் நேரத்தில் பாதியை யாருடன் கழிக்கிறாள்? பெற்றோருடனோ கணவனுடனோ அல்ல, பக்கத்து மேஜைக்காரர்களுடன்தான். அங்கே அவளுக்கு ஓர் ஆபத்து என்றால் முதலில் பார்க்கக்கூடியவர்களும் அவர்களே. பல சமயம் வேறு சாட்சியே கிடையாது. உறவு அவ்வளவு நெருக்கமானது என்றால், கடமை மட்டும் எப்படித் தூரத்தில் நிற்கும்?

"இது ஒரு பெரிய விஷயமா?"

படித்தவர்கள், பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் மத்தியில் இப்படி நடக்காது என்று சிலர் நினைக்கலாம். 1988 ஜூலை 18 இரவு சண்டிகரில் நடந்த ஒரு விருந்தை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். கூடியிருந்தவர்கள் உயர் அதிகாரிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும். அங்கே பஞ்சாப் போலீஸ் தலைவர் கே.பி.எஸ். கில் தம்மிடம் அத்துமீறி நடந்துகொண்டார் என்று ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ் புகார் சொன்னார். பஞ்சாப் தீவிரவாதத்தால் எரிந்துகொண்டிருந்த காலம் அது. கில்லோ அதை அடக்க வந்தவர் என்று போற்றப்பட்டவர். இந்த நேரத்தில் வழக்கு எதற்கு, விட்டுவிடுங்கள் என்பதுதான் அந்த அம்மையாருக்குப் பல பக்கங்களிலிருந்தும் கிடைத்த அறிவுரை.

அவர் விடவில்லை. உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 1995 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. ஒரு பெண்ணின் மானம் சம்பந்தப்பட்டதை அற்ப விஷயம் என்று ஒதுக்க முடியாது என்றும் சொன்னது. 1996இல் கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது 17 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவருக்கே இதுதான் நிலைமை என்றால், தாராவியில் ஒரு கார்கானாவில் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நிலைமையை நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற பெண்மணி, அரசாங்கத்தின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம ஊழியராக இருந்தார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்குப் பழிவாங்கும் விதமாக, 1992 செப்டம்பரில் அவர் கூட்டாகப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். அவர் செய்தது அரசாங்க வேலை, தண்டனையாகக் கிடைத்தது இது. அப்படியானால் வேலை கொடுத்தவரின் பொறுப்பு என்ன என்ற கேள்வி எழுந்தது. பெண்கள் அமைப்புகள் விசாகா என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் சென்றன. 1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் மூன்று நீதிபதிகள் வழங்கிய தீர்ப்புதான் பிரபலமான விசாகா தீர்ப்பு. மூவரில் ஒருவர், நம் பம்பாய் உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி சுஜாதா மனோகர்.

அந்தத் தீர்ப்பின் நெறிமுறைகளில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. பாதிக்கப்பட்ட பெண்ணை மட்டுமல்ல, சாட்சி சொல்பவர்களையும் பழிவாங்காமல் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் கடமை என்கிறது அது. உடன் பணிபுரிபவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதை நீதிபதிகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

பிறகு 2013இல் பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் அது அமலில் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்கு ஒரு பெண் தலைமை வகிக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் அவகாசம் உண்டு. குழு 90 நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளியே குற்றம் சாட்டப்படும் இடங்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. வீட்டு வேலை செய்யும் பெண்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர் மாவட்டம், செம்பூர் புறநகர் மாவட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போவது என்று தேடும்போது உதவும்.

சரி, பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவரை இந்தச் சட்டம் தண்டிக்கிறதா? இல்லை. ஆனால் அவருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணால் ஏதோ காரணத்தால் புகார் கொடுக்க முடியவில்லை என்றால், நடந்ததை அறிந்த எவரும், அவளுடைய எழுத்துபூர்வமான சம்மதத்துடன் புகார் கொடுக்கலாம் என்று விதிகளில் இருக்கிறது. "நாம் யார் கேட்பதற்கு?" என்ற சாக்கு இதனால் அடிபட்டுப் போகிறது.

இன்னொரு விஷயம். பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாதவர் என்றால் கதை வேறு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரும் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம், அதற்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. சின்னஞ்சிறு பட்டறைகளில் வேலைக்கு வரும் பிள்ளைகளை நினைத்து இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

வாயை மூடியவரும் வழியை மறித்தவரும்

மௌனத்துக்கும் உடந்தைக்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை ஒருவர் தாண்டினால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடே பார்த்தது. 2021 பிப்ரவரியில், சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது, ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி பாலியல் புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் புறப்பட்டார். வழியில் செங்கல்பட்டு அருகே, அந்த மாவட்டத்தின் எஸ்.பி. போலீஸ் படையுடன் அவருடைய காரைத் தடுத்து நிறுத்தினார். 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் மாவட்ட நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் அதை உறுதி செய்தது. அவர் மேலும் உயர்ந்த நீதிமன்றங்களை நாடினார். காரைத் தடுத்த எஸ்.பி.க்கு 2023 தீர்ப்பில் 500 ரூபாய் அபராதம்.

ஐந்நூறு ரூபாய்தானா என்று கேட்கத் தோன்றும். நியாயம்தான். ஆனால் மேலதிகாரிக்கு உதவி செய்த சக அதிகாரியும் அதே வழக்கில் குற்றவாளி என்று பெயர் வாங்கினார் என்பது சிறிய செய்தி அல்ல. "மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்வது?" என்ற பதில் அங்கே எடுபடவில்லை.

என் கணக்கு

ஊருக்கு உபதேசம் செய்யும் முன் என் சொந்தக் கணக்கையும் வைத்துவிட வேண்டும். 1979இல் கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீசில் நான் குமாஸ்தா. தலைமை குமாஸ்தா நம்மவர். ஊரிலிருந்து தகர டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய எங்களில் ஆறு பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். தீபாவளிக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. எங்கள் பிரிவில் ஒரு டைப்பிஸ்ட் பெண் சேர்ந்தாள். மாலையில் எல்லோரும் கிளம்பும் நேரம் பார்த்து அவர் அவளைத் தம் அறைக்கு டிக்டேஷனுக்குக் கூப்பிடுவார். எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை.

ஒரு நாள் அவள் என் மேஜைக்கு வந்து, "சார், இன்றைக்கு ஆறரை வரைக்கும் இருப்பீர்களா?" என்று கேட்டாள். ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். "இல்லையம்மா, வண்டியைப் பிடிக்க வேண்டும்" என்றேன். வண்டி நாலு நிமிடத்துக்கு ஒன்று இருந்தது. சில மாதத்தில் அவள் வேலையை விட்டாள். வீட்டில் கல்யாணத்துக்குப் பார்க்கிறார்கள் என்று பேச்சு. தலைக்கு ஐந்து ரூபாய் போட்டு எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கிக் கொடுத்தோம். பிரிவுபசாரக் கூட்டத்தில் அவளை வாழ்த்திப் பேசியவர் அதே தலைமை குமாஸ்தா. நாங்கள் கை தட்டினோம்.

வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்ததா என்றால், உண்மையில் அவ்வளவு இல்லை. இருந்தது செஞ்சோற்றுக் கடன். வேலை வாங்கிக் கொடுத்தவரைக் காட்டிக் கொடுக்கலாமா என்ற எண்ணம். "மதராசிகள் அடித்துக்கொள்கிறார்கள்" என்று மற்றவர்கள் சிரிப்பார்களே என்ற எண்ணம். மும்பையில் நம்மவர் வாழ்க்கை ஒருவர் கையைப் பிடித்து ஒருவர் ஏறி வந்தது. தாராவியில் இட்லிக் கடையானாலும், தோல் பட்டறையானாலும், அந்தேரி ஐ.டி. கம்பெனியானாலும், "நம்ம ஆள்" ஒருவர் இழுத்துவிட்டுத்தான் பலர் உள்ளே வந்திருக்கிறோம். அந்த நன்றி நல்ல குணம். ஆனால் அந்தக் கடனை யார் அடைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பட்டது நான், அடைத்தது அந்தப் பெண்.

பங்கு அல்ல, தனிக் கணக்கு

இப்போது கேள்விக்கு வருவோம். செய்தவனுடைய குற்றம் முழுவதும் அவனுடையது. பன்னிரண்டு பேர் பார்த்தார்கள் என்பதால் அவன் பாரம் குறைந்துவிடாது. அதனால் "பங்கு" என்ற சொல்லே சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பார்த்திருந்தவருக்கு வேறு கணக்கு இருக்கிறது, அது அவர் பெயரில் தனியாக எழுதப்படுகிறது.

அந்தக் கணக்கும் எல்லோருக்கும் ஒரே தொகை அல்ல. மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். அவருக்கு எவ்வளவு தெரியும்? அவரால் என்ன செய்திருக்க முடியும்? பேசாமல் இருந்ததால் அவருக்கு என்ன கிடைத்தது? காண்டிராக்டில் கூட்டிப் பெருக்க வரும் அம்மாள் பயந்து பேசாமல் இருந்தால் அவள் மீது நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கக்கூடிய மானேஜர், பதவி உயர்வுக்காகப் பார்க்காதது போல் இருந்தால், அவர் கணக்கு மிகப் பெரியது. நடுவில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுடைய கணக்கு, நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம்.

"ஆதாரம் இல்லாமல் எப்படிப் பேசுவது? பொய்ப் புகாராக இருந்தால்?" என்று கேட்பவர்கள் உண்டு. தீர்ப்புச் சொல்லும்படி யாரும் நம்மைக் கேட்கவில்லை. கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் போதும். வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுப்பவர் மீது நடவடிக்கை எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் பொய்யாகிவிடாது என்றும் அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

அதற்காகத் தெருவில் நின்று முழங்கவும் கூடாது. அவளைக் கேட்காமல் அவள் பெயரை நாலு பேரிடம் சொல்வதும் அவளுக்குச் செய்யும் அநியாயமே. விசாரணை விவரங்களை வெளியிடுவதைச் சட்டமும் தடை செய்கிறது. "இப்போது வேண்டாம்" என்று அவளே சொன்னால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். அவளுக்காக மௌனம் காப்பது வேறு, அவனுக்காக மௌனம் காப்பது வேறு.

செய்யக்கூடியவை சிறிய காரியங்கள்தான். தனியாக விடாமல் கூட இருக்கலாம். "நான் பார்த்தேன், தேவைப்பட்டால் சொல்கிறேன்" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். தேதி, நேரம், நடந்தது ஆகியவற்றைக் குறித்து வைக்கலாம். அசிங்கமான வேடிக்கைப் பேச்சுக்குச் சிரிக்காமல் இருக்கலாம். புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று இன்றே தெரிந்து வைத்துக்கொள்ளலாம். உடனடி ஆபத்து என்றால் 112க்குப் போன் செய்யலாம்.

ஒருவர் தனியாக நிற்பது கஷ்டம், பலர் சேர்ந்து நிற்பது சுலபம். திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021இல் கொலை செய்யப்பட்டார். மேற்பார்வையாளர் கைதானார். தொடர்ந்து நடந்த போராட்டத்தின் பயனாக, 2022இல் தொழிற்சங்கமும் நிர்வாகமும் வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி தொழிலாளர்களிலிருந்தே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, துன்புறுத்தலைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். பக்கத்து மிஷின்காரிக்குப் பேசும் உரிமை கொடுத்ததுதான் அதன் சாரம். ஓர் உயிர் போன பிறகு வந்த ஞானம் அது. நாம் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

பாஞ்சாலியின் சபையில் எல்லோரும் மௌனமாக இருக்கவில்லை. துரியோதனனின் சொந்தத் தம்பி விகர்ணன் எழுந்து, இது அநியாயம் என்றான். அவன் பேச்சு எடுபடவில்லை, அவனை அடக்கி உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் அவன் அந்தப் பக்கத்து ஆள், அந்த வீட்டுச் சோறு தின்றவன், வயதில் சிறியவன். அவன் எழுந்துவிட்ட பிறகு, "எழுந்திருக்க முடியாத சூழ்நிலை" என்று அந்தச் சபையில் வேறு யாரும் சொல்ல முடியாமல் போயிற்று.

செம்பூர்ப் பெண்ணே, அன்றைக்கு நாங்கள் காபி குடிக்க எழுந்துவிட்டோம். பதில் தாமதமாக வருகிறது, மன்னித்துக்கொள். ஆம், எங்களுக்கும் கணக்கு உண்டு. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, அந்தப் பன்னிரண்டு பேரில் யாராவது ஒருவர் எழுந்தாரா என்று வந்து சொல். ஒருவரும் எழவில்லை என்றால் அதையும் சொல். உன்னுடன் புகார்க் குழு வரைக்கும் வர, வண்டியைப் பிடிக்க அவசரமில்லாத கிழவன் ஒருவன் இங்கே இருக்கிறான்.